சாறியும் சிவப்புக் கோடும்

நெடுந்தீவில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டேன். அது ஓர் அரச அலுவலகம், பெயர் வேண்டாம். காலை ஒன்பதேகாலுக்கு எங்கள் அதிகாரி வரவு இடாப்பை எடுத்து, கடைசிக் கையெழுத்துக்குக் கீழே சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுப்பார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தி வந்ததாகக் கணக்கு. மூன்று முறை பிந்தினால் அரை நாள் லீவு போய்விடும்.

குறிகட்டுவான் துறையிலிருந்து எங்களை ஏற்றிவரும் படகு ஒன்பது மணியளவில்தான் வந்து சேரும். அதற்கு நாங்கள் என்ன செய்வது, கடலுக்கு மேலால் நடந்து வருவதா? இதைக் கேட்க எனக்குப் பல வருடங்கள் வாய் வரவில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

படகு பாதிப் பிரச்சினைதான். மீதி சாறி. பெண் உத்தியோகத்தர் என்றால் சாறிதான் கட்ட வேண்டும். காண்டாவன வெயிலில், எஞ்சின் சூடு அடிக்கும் கீழ்த்தட்டில், ஒரு மணித்தியாலம் ஆறு யார் நீளத் துணியைச் சுற்றிக்கொண்டு இருந்து பார்த்தால் தெரியும். சோளகக் காற்று எழும்பினால் உப்புத்தண்ணீர் வேறு. அதனால் நாங்கள் ஐந்து பெண்களும் பஞ்சாபி உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து, பழைய ஃபைல் அடுக்கிய ஸ்டோர் அறையில் சாறி மாற்றுவோம். ஜன்னலும் இல்லை, ஃபேனும் இல்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்கலாம். கடைசியாக மாற்றுபவள் எப்போதும் கோட்டுக்குக் கீழே. யார் கடைசி என்று முறை வேறு வைத்திருந்தோம். அநியாயத்தைப் பங்கு போடுவதில் அவ்வளவு ஒழுங்கு.

"சேர், கையெழுத்தை வைச்சிட்டு மாத்துறமே?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன்.

"சாறி கட்டாமல் இடாப்பில கை வைக்கேலாது. சனம் பாத்தால் என்ன நினைக்கும்?"

அவர் அரைக்கைச் சேட்டோடு ஏசி அறைக்குள் இருந்தார். தீவிலேயே குவாட்டர்ஸ். வெள்ளிக்கிழமை மட்டும்தான் படகேறுவார்.

எங்கள் ஐவரில் ஒருத்தி ஜெசிந்தா, ஊர்காவற்றுறைக்காரி. தாயை அடிக்கடி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில் அவளுடைய லீவு முடியும் தறுவாயில் இருந்தது. இன்னும் ஓர் அரை நாளை இழக்க அவளால் முடியாது. அதனால் வைகாசியில் ஒருநாள், கடைசியாக மாற்றும் முறை தனக்கு வந்தபோது, வீட்டிலிருந்தே சாறி கட்டிக்கொண்டு படகேறினாள். வழி நெடுக அலை அடித்தது. நெடுந்தீவுத் துறையில் இறங்கக் கால் வைத்தபோது நனைந்த கொசுவம் காலைச் சுற்றிக்கொண்டது. சீமெந்துக் கட்டின் மேல் விழுந்தாள். நான் அவளுக்கு நேர் பின்னால் நின்றேன். வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

நான் போய்ச் சொன்னதும் அதிகாரி கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அப்ப இண்டைக்கு அவவின்ர மேசையை ஆர் பாக்கிறது?"

பிறகு என்னை விபத்து அறிக்கை டைப் அடிக்கச் சொன்னார். "உத்தியோகத்தரின் கவனக்குறைவு எண்டு போடும். உடுப்பைப் பற்றி ஒண்டும் வேண்டாம்."

"சேர், சாறி தடக்கித்தானே விழுந்தவ. நான் பாத்தனான்."

"நீர் கிளார்க். சொல்லுறதை அடியும்."

அடித்தேன். நேரில் கண்ட சாட்சி என்று கையெழுத்தும் வைத்தேன். கவனக்குறைவு என்று போட்டால் விபத்து லீவு கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வைத்தேன்.

பத்து நாளில் ஜெசிந்தா கட்டுப் போட்ட கையோடு வந்து அறிக்கையை வாங்கி வாசித்தாள். "அக்கா, நீங்கள் எனக்குப் பின்னாலதானே நிண்டனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் நாங்கள் நான்கு பேரும் ஸ்டோர் அறைப் பக்கம் போகவில்லை. உப்புப் படிந்த பஞ்சாபியோடு நேராகப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு மேசைக்குப் போனோம். அதிகாரி வெளியே வந்தார்.

"இதென்ன கோலம்? சனம் நிக்குது, வெக்கமில்லையே?"

கவுண்டரில் நின்றவர் ஒரு வயதான கடற்றொழிலாளி. அவர் எங்கள் உடுப்பைப் பார்க்கவே இல்லை. "சேர், பேச்சைப் பிறகு வைச்சுக்கொள்ளுங்கோ. இந்தப் பிள்ளை முதல்ல முத்திரையைக் குத்தித் தரட்டும். எனக்குப் படகு வெளிக்கிடப்போகுது" என்றார்.

இத்தனை வருடம் அதிகாரி எங்களுக்குக் காட்டி வெருட்டிய சனம் இவ்வளவுதான். முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டு, அதே மேசையில் இரண்டாவது கடிதம் அடித்தேன். கண்டதை மட்டும் எழுதி, தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, இடமாற்றம் என்று வெருட்டினார்கள். ஜெசிந்தாவின் விபத்து லீவு பல மாதம் கழித்துக் கிடைத்தது. கைதான் நேராகவில்லை. இன்றும் பேனையை இடது கையால்தான் பிடிக்கிறாள்.

இப்போது உடுப்பு விதி தளர்ந்துவிட்டது. புதிதாக வேலைக்கு வரும் கிளார்க்மாருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அடிக்கச் சொன்னவரின் பெயர் எந்தக் கடிதத்திலும் இருக்காது. ஜெசிந்தாவின் ஃபைலில் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று பொய், ஒன்று உண்மை. இரண்டிலும் இருப்பது என் கையெழுத்து.