தேனுக்குள் சித்தியின் பெயர்

எங்கள் நகரத்து ஜான்-டலோன் சந்தையில் தேன் விற்கும் ஒரு பெண் சுவைத்துப் பார்க்கத் தேன் தந்தாள். அந்த வாசனை என்னை எட்டு வயதுக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது அதே நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் ஒரு மாடிவீட்டில் இருந்தோம். அம்மாவும் அவர் தங்கை சாந்தியும் சண்டை பிடித்து, இரண்டு வருடங்களாகக் கதைப்பதில்லை. கீழ்வீட்டு ரூத் அன்ரி லூசியானா மாநிலத்துக்காரி. தங்கள் ஊர் வழக்கம் ஒன்றை அவர் அம்மாவுக்குச் சொன்னார். யாருடைய மனம் இளக வேண்டுமோ அவருடைய பெயரைத் தாளில் எழுதி, அவர் கைபட்ட ஏதாவதொன்றோடு தேன் போத்தலுக்குள் போட்டு, தினமும் பெயர் சொல்லிக் குலுக்க வேண்டுமாம்.

அம்மா சித்தியின் பெயரைத் தாளில் எழுதி, அவருடைய பழைய கடிதத்தில் ஒரு துண்டையும் கிழித்துத் தேனுக்குள் போட்டார். காலையில் வேலைக்குப் போகுமுன், "சாந்தி, என்னோட கதையடி" என்று குலுக்குவார். முதலில் குரலில் கோபம் இருந்தது. நாளாக நாளாக அது கெஞ்சலாகிவிட்டது.

"அம்மா, சித்திக்கு இது கேக்குமோ?" என்றேன் ஒருநாள்.

அம்மா போத்தலை மேசையில் வைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"சாந்தி, அக்கா கதைக்கிறன்."

சித்தி அழுவது எனக்கே கேட்டது. அந்தச் சனிக்கிழமையே பிள்ளைகளோடு வந்து இறங்கினார்.

இன்று சந்தை வாசலில் நின்று, ஆறு மாதமாக என்னோடு கதைக்காத தம்பியைக் கைபேசியில் அழைத்தேன்.

"ஓம் அக்கா, சொல்லுங்கோ" என்றான்.