ஆளில்லாத நிலாப் படம்

என் கணவர் சிங்கப்பூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். கல்யாணமான மறு வருஷம் தென்காசிக்கு வந்தபோது, சேலையோடு ஒரு ஜப்பான் படமும் கொண்டுவந்தார். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்த படம். ஏரிக்கு மேலே முழுநிலா. கரையில் ஒற்றைப் பைன் மரம். நிலாவுக்குக் குறுக்கே காட்டு வாத்துகள் பறந்துகொண்டிருந்தன.

“ஆளே இல்லாத படத்த எதுக்கு வாங்குனிய?” என்றேன்.

“நிலாவுல இந்தப் பறவை போச்சுன்னா, தூரத்துல இருக்கவுகள நெனைக்கோம்னு அர்த்தமாம். அவுக பாசையில அந்த மரத்துக்கும் காத்துக்கிடக்கதுக்கும் ஒரே சொல்லாம். வித்த ஜப்பான்காரர் சொன்னாரு.”

“அப்ப மரம் நானா?” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. லீவு முடிந்து கப்பலேறிவிட்டார்.

ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்ததும் கடிதம் நின்றுபோயிற்று. கொழுந்தனார் பதறிப்போய் வந்தார். “மைனி, மொதல்ல அந்தப் படத்தக் கழட்டுங்க. போலீஸ் பாத்தா வம்பு.”

கழற்றி, பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். அவர் உயிரோடுதான் இருக்கிறார், இதே நிலாவை அங்கே பார்க்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சண்டை முடிந்து, அவரோடு கடையில் வேலை பார்த்த கடையநல்லூர் பாய் எங்களைத் தேடி வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். மாமியாரைப் பார்த்துத்தான் பேசினார்.

“தண்டவாளம் போட எங்கள ஜப்பான்காரனுவ சயாம் காட்டுக்குக் கொண்டுபோயிட்டானுவ ஆச்சி. அங்கன காலரா வந்துட்டு. அண்ணாச்சிய நாந்தான் பொதச்சேன்.”

“என்னைக்குய்யா?”

“நாளு கெழமை தெரியலயே ஆச்சி. விடாத மழை. நிலாவப் பாத்தாத்தான பிறை கணக்காவது தெரியும்?”

அவர் போனதும் அத்தை பெட்டியைத் திறந்து படத்தை எடுத்தாள். “எம்புள்ளயக் கொன்னவனுக்க படம்” என்று கிழித்துப் போட்டாள். நான் தடுக்கவில்லை. ஏரியின் நீலம் தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. நான்தான் கூட்டி அள்ளினேன்.

இறந்த திதி தெரியாததால் ஆடி அமாவாசையன்று குற்றாலத்துக்குப் போனோம். சாரலில் நின்று கொழுந்தனார் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். திரும்பும்போது வண்டியில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒங்க அப்பா வீட்டுக்குப் போயிராதட்டி.”

“போகல அத்தை” என்றேன். தென்காசி வரும்வரை அவள் கையை விடவில்லை.