பின்பாரம்

கரியாலூர் படகுத்துறையில் பழுதான விசைப்படகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "இன்ஜின் பின்னால கீதுல்ல? இன்னும் முன்னால இழுங்கப்பா, பின்பாரம் ஜாஸ்தியாயிடும்!" என்று டிரைவர் கத்தினார்.

அந்தச் சொல்லை அம்மா சொல்லித்தான் முதலில் கேட்டேன். அப்போது எனக்குச் சின்ன வயது; மாசி மாதம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு அப்பா மாட்டுவண்டியில் கரும்பு ஏற்றினார். வழியில் பிள்ளைகள் பின்னால் நீட்டியிருக்கும் நுனியைப் பிடித்து உருவிவிடுகிறார்கள் என்று, கனமான அடிப்பக்கம் பின்னால் வரும்படி அடுக்கினார்.

"பின்பாரம் ஆயிடுங்க. மாட்டுக் கழுத்த இறுக்கும்" என்றாள் அம்மா.

"அப்ப ஆலைக்கு வெறும் வண்டிய ஓட்டிக்கினு போவட்டுமா? சும்மா இரு."

நானும் அம்மாவும் வண்டியோடு நடந்தோம். பாலத்து மேட்டில் வண்டி பின்னால் சாய, நுகத்தடி மேலே எழும்பியது. செவலைக் காளை கழுத்துக் கயிற்றில் தொங்கியது. கயிற்றை அறுக்கக் கத்தி தேடினார் அப்பா. அது கழனியிலேயே கிடந்தது. முடிச்சை அவிழ்ப்பதற்குள் செவலையின் கால்கள் உதைப்பதை நிறுத்திவிட்டன.

படகு முன்னால் நகர்ந்து டிரெய்லரில் சரியாக உட்கார்ந்தது.

செவலை செத்த அடுத்த வருடம் அப்பாவும் அடிப்பக்கத்தை முன்னால் வைத்துத்தான் அடுக்கினார். பின்னால் ஓடிவந்து கரும்பு உருவிய பிள்ளைகளை அவர் அதட்டவே இல்லை.