பன்னிரண்டாவது சப்போர்ட்

கணினி கொடுத்த சப்போர்ட் அட்டவணையில், தாங்கும் இடத்துக்கு ஒன்றாக, பன்னிரண்டு வரிகள் இருந்தன. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நிற்கப்போகும் தூண்கள் பதினொன்று.

நான் கட்டடப் பொறியியல் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் மூன்று வருடம் தேனியிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பியவள். விபத்துச் செய்தியில் போலீஸ் சொல்லும் எண்ணிக்கையும் ஆஸ்பத்திரி சொல்லும் எண்ணிக்கையும் ஒத்துப்போகும்வரை செய்தி போகக் கூடாது என்று அங்கே பழக்கிவிட்டார்கள். பிறகு ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் சேர்ந்தேன். எண்ணும் புத்தி கூடவே வந்தது.

அந்தக் கட்டடம் குச்சனூர் கோயிலுக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு விடுதி. சனிக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவார்கள். உரிமையாளர் வாழை விவசாயி. எங்கள் பக்கத்தில் யாரும் ஒரே மூச்சில் கட்டி முடிப்பதில்லை. ஒரு மாடி முடிந்ததும் தூண் கம்பிகளை மொட்டைமாடியில் இரண்டடி நீட்டி விட்டுவிடுவார்கள். அடுத்த நல்ல விளைச்சல் வரும்வரை அவற்றில் துணி காயும். இவருக்கு விளைச்சல் வந்துவிட்டது. இரண்டாவது மாடியில் சாப்பாட்டுக் கூடம் வேண்டும். கூடவே, வேன்கள் திரும்பி உள்ளே வருவதற்கு இடைஞ்சலாகக் கீழே முன்பக்கம் நடுவில் நிற்கும் தூணை எடுத்துவிட வேண்டும்.

மென்பொருளில் கட்டடம் என்பது கோடுகளும் புள்ளிகளும்தான். தூண் ஒரு கோடு, உத்தரம் ஒரு கோடு, அவை சேரும் இடம் ஒரு புள்ளி. தரையில் உள்ள புள்ளிகளுக்கு மட்டும் ‘சப்போர்ட்’ கொடுப்போம். இங்கே பூமி இருக்கிறது, சுமையை வாங்கிக்கொள்ளும் என்று அதற்கு அர்த்தம். எங்கே கொடுத்தாலும் மென்பொருள் நம்பிவிடும்.

பன்னிரண்டாவது சப்போர்ட் எங்கே என்று தேடினேன். தரையிலிருந்து பத்தடி உயரத்தில், எடுக்கப்போகும் தூணின் தலை வரும் இடத்தில் இருந்தது. மாடலில் அதற்குக் கீழே தூண் இல்லை. அந்தரத்தில் பூமி இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார்கள். மேலே வரும் இரண்டு தளங்களின் சுமை அங்கே இறங்கிக்கொண்டிருந்தது. அதனால் திரையில் எல்லா உத்தரங்களும் பச்சை, அதாவது தாங்கும். அந்த ஒரு சப்போர்ட்டை எடுத்துவிட்டு கணக்கை மறுபடி ஓட்டினேன். முன்பக்க உத்தரம் முழுவதும் சிவந்தது.

அந்த மாடலைப் போட்டவர் எங்கள் அலுவலகத் தலைவர்.

“சார், பத்தடி உயரத்துல ஒரு சப்போர்ட் நிக்குது.”

“தெரியும்மா. எர்ரர் வந்துக்கிட்டே இருந்துச்சு, அத அடக்க வச்சேன். எடுக்க மறந்துட்டேன். ரிப்போர்ட் பச்சையாத்தான இருக்கு? கையெழுத்தப் போடு.”

“அந்தரம் எப்படி சார் தாங்கும்?”

“இந்த ஊர்ல எத்தன தூண எடுத்துருக்காக, எது விழுந்துச்சு சொல்லு?”

அவருடைய பொறியாளர் பதிவு புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. வரைபடங்கள் என் பெயரில்தான் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

“போட மாட்டேன் சார்.”

“நியூஸ்பேப்பர் புத்தி போகல பாரு. அப்ப நீயே போய் பார்ட்டிகிட்டச் சொல்லிக்க.”

மறுநாள் காலை மடிக்கணினியோடு விடுதிக்கு பஸ் ஏறினேன். மாற்று வழியும் பார்த்து வைத்திருந்தேன். தூண் இல்லாமல் தாங்க வேண்டுமென்றால் உத்தரத்தை மிக ஆழமாகப் போட வேண்டும். அப்படிப் போட்டால் அது உள்ளே வரும் வேனின் தலையில் இடிக்கும்.

அந்தத் தூணின் அடியில் ஒரு மேசை போட்டு உரிமையாளரின் மனைவி, கோயிலில் விளக்கேற்ற வருபவர்களுக்கு விற்கும் எள் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். உரிமையாளர் எழுந்து வந்தார்.

“வாங்க இஞ்சினியரம்மா. எல்லாம் பச்சையா வந்துருச்சுன்னு சார் போன்ல சொன்னாகளே?”

சிவந்து வளைந்த உத்தரத்தைத் திரையில் காட்டினேன்.

“படத்துல எதத்தான் வளைக்க முடியாது? என் உத்தரத்துல எட்டுக் கம்பி கெடக்கு ஆத்தா.”

“எட்டையும் எண்ணிப் போட்டுத்தான் பாத்தேன்.”

அவர் அசரவில்லை. “நான் கோயில்லயே பூக்கட்டிப் பாத்துட்டேன். வெள்ளை வந்துச்சு.”

சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே மடித்துப் போட்டு, மனத்தில் ஒன்றைக் கேட்டுக்கொண்டு, ஒரு பொட்டலத்தை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். நான் சிரிக்கவில்லை.

“சாமிகிட்ட என்ன கேட்டீக?”

“தூண எடுக்கலாமான்னு.”

“மேல இன்னொரு மாடி வருதுன்னு சொன்னீகளா?”

அவர் தூணைப் பார்த்தார். மனைவி பொட்டலத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “அதச் சொல்லிருக்க மாட்டாக. என்கிட்டயே போன வாரந்தான் சொன்னாக.”

“சாமிக்குத் தெரியாதாக்கும்?”

“தெரியும்னா பெறகு என்னத்துக்குக் கேட்டீக?” என்றேன்.

எங்கள் அலுவலகத்திலும் இதே தப்புதான் நடந்தது என்று அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். பாதியைச் சொல்லிக் கேட்டோம், பச்சை வந்தது.

“சரி, வர்ற சனிக்கிழமை முழுசாச் சொல்லி மறுபடி கட்டிப் பாக்குறேன். வெள்ளை வந்தா?”

“வெள்ளை வந்தாலும் என் கையெழுத்து வராது.”

“வேற ஆளு போடுவாக.”

“போடட்டும். அவுகள ஒரு சனிக்கிழமை முழுக்க இங்கன வந்து உக்காரச் சொல்லுங்க.”

அப்போதுதான் அந்த அம்மாள் நிமிர்ந்தார். மேலே உத்தரத்தைப் பார்த்தார், பிறகு கணவரை. “தெனமும் இங்கன உக்காருறது நான்தான. அவுக வந்து உக்காரட்டும், நான் எந்திரிச்சுக்கிறேன்.”



அங்கேயே அந்த மேசையில் வைத்து இரண்டு தாள்களில் எழுதினேன்: ‘இந்தத் தூணை எடுத்தால் மேலே உள்ள தளங்களின் சுமையைத் தாங்க இந்த இடத்தில் எதுவும் இல்லை. எடுப்பதற்கு நான் சம்மதிக்கவில்லை.’ தேதியும் பெயரும் போட்டு உரிமையாளரிடம் ஒன்று கொடுத்தேன், அலுவலகக் கோப்பில் ஒன்று வைத்தேன். சார் அதைக் கோப்பிலிருந்து எடுத்தார். நான் மறுபடி வைத்தேன். மூன்றாவது முறை அவர் எடுக்கவில்லை. இரண்டு வாரம் என்னோடு பேசவுமில்லை.

மறுபடி பூக்கட்டினார்களா, எந்தப் பூ வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து உரிமையாளரே போன் செய்தார். பக்கத்துச் சந்தில் சுவரை இடித்து கேட் வைத்துக்கொள்கிறாராம், தூண் இருக்கட்டுமாம், மாடிக்கு மட்டும் கணக்குப் பார்க்க வேண்டுமாம். இரண்டு இடத்தில் தோண்டி அஸ்திவாரத்தை அளந்தேன். மாடலைப் புதிதாக, முதல் புள்ளியிலிருந்து நானே போட்டேன்.

கையெழுத்துப் போட்ட தாள்களைக் கொடுக்கப் போனபோது, கீழ்த்தளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தேன். அந்த அம்மாள் அதே தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

“என்ன ஆத்தா, எண்ணியாச்சா?”

“எண்ணியாச்சு. பன்னெண்டு.”

“எனக்கு இந்தத் தூணு ஒண்ணு போதும்” என்று ஒரு எள் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.