அடியில் தங்கிய மருந்து

எங்கள் அண்ணன் கர்த்தரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. ஜெபத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதருக்கும் தங்கை வணக்கம் சொல்லி எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் அச்சுக்கூடத்தார் திருத்திக்கொள்வார்கள் என்றார்கள். திருத்துகிறோம் என்று அர்த்தத்தையே மாற்றிவிடுவார்களோ என்று அது வேறு பயமாக இருக்கிறது.

அண்ணன் பிறந்தது கேகாலைக்கு அப்பால், காடு வெட்டி ரப்பர்க் கன்று நட வந்த அப்பாவுக்குத் தோட்டத்தில் கொடுத்த லயத்துக் காம்பராவில், ஒற்றை அறையில். அம்மா இறந்ததும் என் படிப்பு நின்றது. அண்ணன் படிப்பை மட்டும் அப்பா நிற்கவிடவில்லை. பாதிரியார் தயவில் கொழும்புக்குப் போய் மருந்து கலக்கப் படித்து, அதே தோட்டத்துக்கு டிஸ்பென்சராகத் திரும்பி வந்தார். அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கங்காணி, அண்ணனை ஐயா என்றார். எங்களுக்கு வேறென்ன வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தோம்.

வந்த நாள் முதல் அவருக்குச் சொறி சிரங்கோடுதான் மல்லுக்கட்டு. அதற்கு மருந்து கந்தகம். அது சர்க்கரை மாதிரி தண்ணீரில் கரையாது. எவ்வளவு கலக்கினாலும் போத்தலின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். "குலுக்கிட்டுப் பூசுங்க" என்று தொண்டை கிழியச் சொல்லி அனுப்புவார். நம் ஜனங்களோ மழைக்காலத்தில் கலங்கி வரும் பீலிக் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் தெளியவைத்துக் குடித்தே வளர்ந்தவர்கள். மருந்தையும் அப்படியே தெளியவைத்து, மேலே நின்ற வெறும் தண்ணீரைப் பூசிக்கொண்டு, மருந்தைச் சாக்கடைக் கானில் கொட்டினார்கள்.

"ஏம்மா, பூசினியா?"

"பூசுனேங்க ஐயா. கசடை மட்டும் ஊத்திட்டேன்."

"அந்தக் கசடுதாம்மா மருந்து!"

"போங்கய்யா, வெளையாடாதீங்க."

சரி, களிம்பாகவே கொடுப்போம் என்றார். தோட்டத்துக்கு வரும் களிம்பு பன்றிக் கொழுப்பில் செய்தது. இங்கத்தைய வெயிலுக்கு உருகி ஓடும். பாதிப் பேர் தொடவும் மாட்டார்கள். தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும் மாவனல்லைக் கடையில் வாங்கி அவரே காய்ச்சினார். மெழுகு கூடினால் களிம்பு கல்லாகி, மருந்து அதற்குள்ளேயே அடைந்து கிடக்கும். குறைந்தால் வேர்வையோடு வழிந்துவிடும். பக்குவம் பிடிபடாததால் போத்தல் மருந்தையும் நிறுத்த முடியவில்லை. கடை முதலாளி கேலி செய்வார்: "மறுபடியும் மெழுகா தம்பி? மருந்து செய்யிறீங்களா, கோயிலுக்கு மெழுகுதிரி செய்யிறீங்களா?" அண்ணன் சிரிக்கமாட்டார். மருந்து கையில் இருக்கிறது, நோய் கண் முன்னே இருக்கிறது, ஒன்று மற்றொன்றிடம் போய்ச் சேரமாட்டேன் என்கிறதே என்று அடுப்பங்கரையில் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த நேரத்தில்தான் அண்ணியின் இரண்டு கண்ணிலும் இமையோரம் புண் வந்தது. அண்ணி லயத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பவர். கண் போனால் தையலும் போகும். கண்ணுக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி மருந்து உண்டு. அதுவும் கரையாத ஜாதி. நறநறவென்று இருந்தால் கண்ணை அறுத்துவிடும். அண்ணன் கண்ணாடிப் பலகையில் எண்ணெய் விட்டு, மை போலாகும்வரை அரைத்தார். களிம்பாகப் போட்டால், "கண்ணை மறைக்குதுங்க, ஊசியில நூல் கோக்க முடியல" என்று அண்ணி துடைத்துவிடுவார். அதனால் ஆமணக்கு எண்ணெயில் கலக்கிச் சொட்டு மருந்தாகக் கொடுத்தார்.

புண் ஆறவில்லை. இடது கண்ணில் பூ விழுந்தது. தான்தான் சரியாக அரைக்கவில்லை என்று நினைத்து அண்ணன் மேலும் மேலும் அரைத்தார். ஒருநாள் அவரே போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணெய் தெளிவாக நின்றது. அடியில் மஞ்சள் படிந்து கிடந்தது.

"நீ குலுக்கலையா?"

"கசடு விழுந்திருந்திச்சுங்க. டிஸ்பென்சர் ஐயா வீட்டு மருந்தே சரியா வரலைன்னு நாலு பேர் பேசக் கூடாதில்ல? தெளிஞ்சதை மட்டும் விட்டுக்கிட்டு, மிச்சத்தை யாருக்கும் தெரியாம கொட்டிருவேன்."

தோட்டம் முழுக்கச் சொன்ன அண்ணன் வீட்டில் சொல்லவில்லை. தன் மனைவிக்குத் தெரியாமலா இருக்கும் என்று இருந்துவிட்டார். அண்ணியை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இடது கண் திரும்பவில்லை. வலது கண்ணுக்கு அவரே மருந்து விட்டார். எண்ணெயில் துளி மெழுகைக் காய்ச்சிச் சேர்த்தால் பொடி சீக்கிரம் அடியில் இறங்காது, பார்வையையும் மறைக்காது என்று கண்டுபிடித்தார். முன்பே தெரிந்திருந்தால் என்று இன்றைக்கும் என் மனம் அடித்துக்கொள்கிறது. அந்தக் கண் தங்கியது. அண்ணி இன்றும் அதைக் கொண்டுதான் தைக்கிறார்.

போன வருஷக் காய்ச்சலில், தன் மருந்தே தனக்கு உதவாமல் அண்ணன் படுத்தார். சாகிற வயதா அது? வாய் உலர்ந்த நிலையிலும் அண்ணியைப் பார்த்து, "குலுக்கினியா?" என்றார்.

அண்ணனைத் தூக்கிப் போன தோழர்களுக்கும், ஜெபம் செய்த பாதிரியாருக்கும், மழையில் மாவனல்லையிலிருந்து வந்து வாசலில் நின்றபடியே அழுத முதலாளிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அடக்கத்துக்கு மறுநாள் ஒரு அம்மா சிரங்கு மருந்துப் போத்தலோடு வந்தார். "ஐயா குடுத்த கடைசி மருந்தும்மா. பாருங்க, எவ்வளவு பக்குவமா வச்சிருக்கேன். ஒரு கசடு சேர்க்காம பூசுறேன்" என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அண்ணிதான் அதை வாங்கி, அழுதுகொண்டே குலுக்கினார். வெளிர் மஞ்சளாகக் கலங்கியதும் அந்த அம்மாவின் கையை இழுத்துத் தானே பூசிவிட்டார்.

இந்த மலரைப் படித்தவர்கள் அண்ணனுக்காக ஒன்று செய்யுங்கள். வீட்டுக்குப் போனதும் மாடத்தில் இருக்கும் மருந்துப் போத்தலைக் குலுக்குங்கள். அவர் பாடுபட்டதெல்லாம் அடியில்தான் கிடக்கிறது.