குளத்துக்கு மருந்து ஊற்ற விடாதவள்

மூதூருக்குத் தெற்கே உள்ள ஒரு சிறு குளத்தில் பதினொரு வருடமாக வலை போடுகிறவள் ஷிஃபானா. புருஷன் நோயில் மௌத்தானதும் அவனுடைய தோணியை விற்கச் சொன்னார்கள். பெண் தோணி ஏறுவது சரியில்லை என்று மீனவர் சங்கத்தில் ஒருவர் முகத்துக்கு நேரேயே சொன்னார். "அப்ப என்ட பிள்ளைகளுக்கு நீங்க சோறு போடுங்க" என்றாள். மறுநாள் விடியவே தோணியைத் தள்ளிவிட்டாள்.

சென்ற ஓகஸ்ட் வெயிலில் குளம் வற்றியபோது, நீருக்குள் கிடந்த மரக்கொப்புகளில் பழுப்பாய், வழுவழுப்பாய் ஏதோ பந்து பந்தாக ஒட்டியிருந்தது. சில தேங்காயளவு, சில பூசணிக்காயளவு. தொட்டால் ஜெலிபோல அசைந்தது. வெளியே எடுத்துப் போட்டால் நாறியது. யாரோ குளத்தில் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று இரண்டே நாளில் கதை பரவியது. அவளுடைய மீனை ஒருவரும் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சங்கத் தலைவர் ஜமால்தீன் குளக்கட்டில் ஆட்களைக் கூட்டினார்.

"செவ்வாய்க்கிழமை மருந்து ஊத்துவம். கட்டியும் சாகும், சனத்தின்ட பயமும் போகும்."

"மீனும் சாகுமே, காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் ஷிஃபானா.

"புதுக் குஞ்சு விடலாம்."

"இது என்னெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாததாலதான் சொல்றன்."

"தெரியாத ஒண்டைக் கொல்ல என்ன அவசரம்? நான் கேட்டுட்டு வாறன்."

திங்கட்கிழமை, குளத்து நீரோடு ஒரு கட்டியை வாளியில் வைத்து மூடி பஸ் ஏறினாள். நாறுகிறது, இறங்கு என்றார் கொண்டக்டர். "மீன் வாளி ஏறலாம், இது ஏற ஏலாதா?" என்று கேட்டு, வாளியைக் கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டாள்.

மகளின் விஞ்ஞான ரீச்சர் கொடுத்த விலாசம் நகரத்தில், ஓர்ஸ் ஹில்லில் இருந்தது. அங்கே நன்னீர் உயிர்களை ஆராயும் மெலனி ஒரு துண்டை வெட்டி நீரில் வைத்து, நுணுக்குக்காட்டியை அவள் பக்கம் திருப்பினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சற்று நேரத்தில் ஜெலியின் மேலே சின்னஞ்சிறு வாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி மயிர் போன்ற கைகள் விரிந்து தண்ணீரைத் துழாவின.

"அல்லாஹ், உசிரோட கிடக்கு!"

"ஓம். பிரையோசோவன் எண்டு பேர். ஆயிரக்கணக்கான குட்டி விலங்குகள் சேர்ந்து கட்டின கூட்டம் இது. தண்ணியில இருக்கிற நுண்ணுயிர்களை வடிச்சுத் தின்னுதுகள். இது நஞ்சில்லை, மீனுக்கும் கெடுதலில்லை."

"அதை எழுதித் தாங்க, மிஸ்."

செவ்வாய்க்கிழமை மருந்துக் கேன்கள் குளக்கட்டில் வந்து இறங்கியபோது, ஷிஃபானா தோணியைத் துறைக்குக் குறுக்கே நிறுத்தி, முழங்காலளவு நீரில் நின்றாள். கடிதத்தை வாசித்த ஜமால்தீன், "சனம் இதை நம்பாது" என்றார்.

அவள் குனிந்து ஒரு கட்டியை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள்.

"என்ட கை அழுகினா நாளைக்கு ஊத்துங்க. இண்டைக்கெண்டா எனக்கு மேலால ஊத்துங்க."

கேனைத் திறக்க ஒருவரும் முன்வரவில்லை. வெயில் ஏறியதும் கேன்கள் திரும்பிப் போயின.

அதன் பிறகும் மூன்று வாரம் அவளுடைய மீன் விலைபோகவில்லை. அவளும் பிள்ளைகளும் அதையே சமைத்துத் தின்றார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகாததைக் கண்ட பிறகுதான் அயலவர்கள் வாங்கத் தொடங்கினார்கள். மாரி பெய்ததும் கட்டிகள் தாமாகவே கரைந்துபோயின.

அடுத்த சங்கக் கூட்டத்தில், "நாங்க எல்லாரும் சேர்ந்து குளத்தைக் காப்பாத்தினம்" என்று ஜமால்தீன் பேச, செயலாளர் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதினார்.

ஷிஃபானா எழுந்தாள். "எல்லாரும் இல்ல, காக்கா. நான் ஒருத்திதான் தண்ணிக்குள்ள நிண்டனான். அப்பிடியே எழுதுங்க."

செயலாளர் தலைவரின் முகத்தைப் பார்த்தார். செயலாளர் அதைத் திருத்தி எழுதி முடிக்கும்வரை அவள் கதிரையில் உட்காரவில்லை.