கிழங்குக்காரியின் ஒரு ஏக்கர்

கிழங்குக்காரிக்குக் கோபம் கூடவே பிறந்ததில்லை. ஒரு ஏக்கர் நிலத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள்.

அதற்கு முன் நாற்பது வருஷம் காட்டில் திரிந்தவள். தரையில் ஒரு வெடிப்பைப் பார்த்தாலே கீழே எத்தனை முழத்தில் கிழங்கு, இன்றைக்குத் தோண்டலாமா, அடுத்த மழைக்கு விடணுமா என்று சொல்லிவிடுவாள். ஓரிடத்தில் தீர்ந்தால் அடுத்த இடம். காட்டைக் காப்பாற்றப் போகிறோம் என்று ஒரு நாள் வந்தவர்கள், முதல் வேலையாக அவளிடமிருந்து காப்பாற்றினார்கள். கீழே இறக்கி, தகரக்கூரை வீடு, நான்கு எல்லைக்கல், ஒரு மூட்டை மக்காச்சோள விதை கொடுத்தார்கள். மூன்று வருஷம் ஒழுங்காகப் பயிர் செய்தால் நிலம் அவள் பேருக்கு. இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு.

விதைத்தாள். சோளத்துக்கு நடுவே கீரையும் கிழங்குக் கொடியும் தானாக முளைத்தன. வந்ததை விரட்டுகிற பழக்கம் அவளுக்கில்லை. போன வருஷம் மழை கைவிட்டுச் சோளம் கருகியபோது, அவளோடு இறக்கிவிடப்பட்ட தெருவின் பதினோரு அடுப்பிலும் அந்தக் கிழங்குதான் வெந்தது.

மூன்றாம் வருஷம் விவசாய ஆபீசர் பார்வையிட வந்தார். சட்டை மடிப்பு கலையாமல் வரப்பிலேயே நின்றார்.

"என்னம்மா இது, வயலா காடா? இவ்வளவு களை!"

"எது சார் களை?"

"இதோ இது. அது. அந்தக் கொடி."

"இதை நேத்து தின்னோம். அதைக் காலையில தின்னோம். கொடியை இன்னும் மூணு மாசம் கழிச்சுத் திம்போம். திங்க முடியாதது நீங்க குடுத்த சோளம் ஒண்ணுதான், அது இன்னும் பால்கூடப் பிடிக்கல."

"வெள்ளிக்கிழமை வருவேன். சுத்தமா இருந்தா கையெழுத்து. இல்லேன்னா நான் பொறுப்பில்ல."

அவள் புருஷன் ஒரு காலத்தில் கண்ணி வைத்து விடிவதற்குள் நாலு கௌதாரி பிடித்தவன். இப்போது வயலோரம் நின்று அதே பறவைகளைக் கைதட்டித் துரத்துகிறான்.

"பிடுங்கிடலாம்டி. ஒரு கையெழுத்துதானே."

"உன் பல்லைப் பிடுங்கு. இனிமே அதுக்கு இங்க வேலை இருக்காது."

மறுநாள் அவள் தண்ணீர்க் குழாயடியிலிருந்து திரும்பியபோது, அவன் முதுகில் மருந்தடிக்கிற டப்பாவோடு கடைசி வரிசையில் நின்றான். ஆபீசர் கொடுத்தனுப்பிய மருந்து. சோளத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கொல்லுமாம். அவ்வளவு படித்த மருந்து. கொடிகள் தலை சுருண்டன. அதன்பின் அவள் தனக்கு மட்டும் சமைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஆபீசருக்கு வாயெல்லாம் பல். வயலுக்குள் இறங்கி நடந்தே பார்த்தார். ஃபைலை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே இது உன் நிலம்மா. யாரும் உன்னைக் கேள்வி கேக்க முடியாது."

"யாருமேவா?"

"யாருமே."

"நீங்ககூடவா சார்?"

"நான்கூடத்தான்!" என்று சிரித்தார்.

"அப்ப வெளிய போங்க."

சிரிப்பு பாதியில் நின்றது. புருஷன் பதறினான். "அடியே, சாரைப் போய்..."

"நீயும்தான். அந்த டப்பாவையும் தூக்கிக்க. எதுன்னாலும் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்னு பேசு."

இருவரும் போனார்கள். அங்கே நின்று ஆபீசர் அடுத்த போகத்து விதையைப் பற்றி ஏதோ கத்தினார். அவள் மண்டியிட்டு, காய்ந்த ஒரு கொடியின் அடியைக் குச்சியால் தோண்டிக்கொண்டிருந்தாள். ஒரு முழத்தில் கிழங்கு தட்டியது. எடுத்து மோந்தாள். மருந்து நெடி. ஆபீசர் நின்ற பக்கமாக வீசியெறிந்துவிட்டு, அடுத்த கொடிக்கு நகர்ந்தாள்.